படகுக்கு ஞானத்தாயான மிஸ் மார்த்தா

மிஸ் மார்த்தா எழுபத்திரண்டாவது வயதில் மாமரத்திலிருந்து விழுந்தார். மரம் அவருடையது அல்ல. பந்தயமும் அவருடையது அல்ல. க்ளோடில் அத்தை கடை வாசலில் டாமினோ ஆட்டம் நடந்தது. தோற்றவர் உச்சிக் கிளைப் பழத்தைப் பறித்துவர வேண்டும் என்று பேச்சு. தோற்றவர் கேப்டன் ஸெபெடி. படகு கட்டுகிறவர், வாய் பெரியவர், முட்டி வலிக்காரர்.

"முட்டி மட்டும் ஒத்துழைச்சா இந்நேரம் மேல இருப்பேன்" என்றார் கேப்டன்.

"அப்ப உங்க முட்டிக்குப் பதிலா நான் போறேன்" என்று மிஸ் மார்த்தா பாவாடையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். ஏறினது நன்றாகத்தான் ஏறினார். பழத்தைப் பறித்தார். கீழே நாங்கள் கைதட்டினோம். அதற்கு நன்றி சொல்ல, மேடைப் பாட்டுக்காரிபோல் ஒரு கையை விரித்துக் குனிந்தார். அந்தக் குனிவில் கிளை முறிந்தது. வலது கையும் முறிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போதும் பழத்தை விடவில்லை. நர்ஸ் கேட்டதற்கு, "கைய எப்படி வேணா கட்டுங்க, பழத்தத் தொடாதீங்க" என்றாராம்.

அவர் கனடாக்காரர். வின்னிபெக் என்ற பனியூரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கணவர் இறந்த பிறகு, ஓய்வூதியம் வரத் தொடங்கியதும், பதினைந்து நாள் வெயில் காயலாம் என்று கரீபியன் கடலில் இருக்கும் எங்கள் காரியக்கூ தீவுக்கு வந்தார். அந்தப் பதினைந்து நாள் ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

வந்த புதிதில் அவருக்கு ரொட்டி கிடைக்கவில்லை. கடைக்குள் நேரே வந்து "ரொட்டி இருக்கா?" என்பார். க்ளோடில் அத்தை சுவரைப் பார்ப்பார். குரலை உயர்த்தினால் அத்தை கூரையைப் பார்ப்பார். அலமாரி நிறைய ரொட்டி சூடாக இருக்கும். பாவம், பசியோடு திரும்பிப் போவார். எனக்குப் பக்கத்து வீடு. தையல் என் வேலை, நாலு பேர் நடுவில் வாய் திறப்பது எனக்கு ஆகாது. இருந்தாலும் ஒருநாள் பொறுக்காமல், "முதல்ல குட்மார்னிங் சொல்லுங்க" என்று அவர் காதோரம் சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அவ்வளவுதான், ஊருக்குப் பிடித்தது சனி. பேருந்தில் ஏறினால் ஓட்டுநரில் தொடங்கி யாரோ மடியில் வைத்திருக்கும் கோழிவரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குட்மார்னிங். கட்டிப்போட்ட ஆட்டுக்குக் குட்மார்னிங். வெயில் சாய்ந்த பிறகும் குட்மார்னிங்தான்.

"மத்தியானம் ஆச்சுன்னா குட் ஆஃப்டர்நூன் சொல்லணும், மிஸ் மார்த்தா" என்று அத்தை திருத்தினார்.

"எனக்கு இப்பத்தான விடிஞ்சிருக்கு" என்றார் அவர்.

கை முறிந்த செய்தி கேட்டு மகள் லாரிசா வந்து சேர்ந்தாள். திரும்பிப் போக இரண்டு டிக்கெட். ஒன்று அவளுக்கு, ஒன்று அம்மாவுக்கு. கப்பல் துறையில் இறங்கியவள் நேரே "டாக்ஸி எங்க?" என்று கேட்டிருக்கிறாள். டாக்ஸிக்காரர்கள் அனைவரும் கடலைப் பார்த்திருக்கிறார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு மேடேறி, தக்காளிபோல் சிவந்து வந்து நின்றாள்.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் காது அவுட்டா?"

"குட்மார்னிங் சொன்னியாடி?" என்று கேட்டுவிட்டு மிஸ் மார்த்தா சிரித்த சிரிப்பில் கைக்கட்டு குலுங்கியது.

ஆனால் சாயங்காலம் சிரிப்பு இல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். கேட்க வேண்டாம் என்றாலும் கேட்கும்.

"நாளைக்கு விழுந்தா உன்னத் தூக்க யாரும்மா இருக்கா?"

"அதான் தூக்கினாங்களே, எட்டுப் பேரு."

"ஏத்திவிட்டதும் அதே எட்டுப் பேருதான!"

மிஸ் மார்த்தா எழுந்து வந்து என் வாசலில் உட்கார்ந்தார். "அவ நியாயமா பேசுறா, இனெஸ். அதான் பயமா இருக்கு. கோவமா பேசினா சண்ட போடலாம். நியாயத்துகிட்ட எப்படி ஜெயிக்கிறது?" என்றார். கைக்கட்டோடு அவர் சின்னவராகத் தெரிந்தார்.

மகளிடம் அவர் கேட்டது ஒன்றுதான். பெரிய தீவுக்குக் கப்பலில் போய் அங்கிருந்து ஏறும் விமானம் திங்கட்கிழமை. சனிக்கிழமை கேப்டனின் புதுப் படகைக் கடலில் இறக்குகிறார்கள். பெயர் சூட்டும் சடங்கில் அதற்குத் தாய்போல் நிற்கும் ஞானத்தாய் தான்தான். அதை முடித்துவிட்டுப் பேசலாம். படகுக்கு ஞானத்தாயா என்று லாரிசா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ஒப்புக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிவதற்குள் கடற்கரை அடுப்புகளில் அண்டாக்கள் ஏறிவிட்டன. ஆட்டுக்கறி, பயறு போட்ட சோறு, மக்காச்சோளக் களி. கூடவே, பனிக்கட்டியைப் போட்டால் மிதக்காமல் அடியில் போய் உட்கார்ந்துவிடும் எங்கள் ஊர் ரம். மேளக்காரர்கள் மூன்று பேர். முதல் வாய் ரம்மைக் கடலுக்கு ஊற்றி, இறந்தவர்களுக்கு ஊற்றி, பிறகுதான் இருப்பவர்கள் தொண்டையை நனைத்தார்கள். பாதிரியார் படகைச் சுற்றி வந்து தீர்த்தம் தெளித்தார். அவருக்குப் பின்னாலேயே கேப்டன் சுற்றி வந்து ரம் தெளித்தார்.

படகின் பெயரைக் கொடியில் தைத்து, கொடியைச் சுருட்டிக் கம்பத்தில் கட்டியிருந்தோம். ஞானத்தாய் கயிற்றை இழுத்து அவிழ்க்கும்வரை பெயர் வெளியே தெரியக் கூடாது. கேப்டனுக்கும் தைத்த எனக்கும் மட்டுமே தெரியும். மிஸ் மார்த்தா இடது கையால் இழுத்தார். கொடி காற்றில் விரிந்தது. குட்மார்னிங்.

கூட்டம் ஒரு நொடி வாயைப் பிளந்தது. பிறகு, "குட்மார்னிங், மிஸ் மார்த்தா!" என்று கரை முழுக்க ஒரே குரலில் கத்தியது. அவர் அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்தார்.

முட்டுக்கட்டைகளைக் கோடரியால் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். படகு மெல்ல ஒருக்களித்து உருளைகள்மேல் சாய்ந்தது. வடம் நீண்டது. கரையில் நிற்கும் எல்லாரும் பிடித்தாக வேண்டும். பாட்டுக்காரர் ஓர் அடி எடுக்க, நாங்கள் பதில் பாடி இழுத்தோம். பாதி மணலில் படகு நின்றுவிட்டது. மறுபடி பாடினோம், அசையவில்லை.

"யாரோ கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அதான் படகுக்குக் கோவம்" என்று கேப்டன் கத்தினார்.

எல்லாத் தலையும் திரும்பியது. கையைக் கட்டிக்கொண்டு நின்றது லாரிசா ஒருத்திதான்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

"கயித்தப் பிடி, வர்ற பக்கம் இழு. இதுக்கு என்ன படிப்பு வேணும், தாயி?" என்றார் க்ளோடில் அத்தை.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் வந்து வடத்தைப் பிடித்தாள். மேளம் அதிர்ந்தது. எல்லாரும் ஒரே மூச்சில் இழுத்தோம். நின்ற படகு திடீரென்று ஓடியது. வடம் தளர்ந்தது. முன்வரிசையில் இருந்த அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவராகக் கடலில் விழுந்தோம். லாரிசா முழுக்க மூழ்கினாள். பாதிரியாரின் தொப்பியோடு எழுந்தாள். முகத்து முடியை விலக்கி, வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, தன் எதிரே நனைந்து நின்ற பாதிரியாரிடம், "குட்மார்னிங், ஃபாதர்" என்றாள்.

இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் சிரித்த சிரிப்பு எதிர்த்தீவுக்குக் கேட்டிருக்கும்.

சாப்பிட உட்கார்ந்தபோது கேப்டன் எழுந்து தொண்டையைச் செருமினார். "ஒரு பழைய வழக்கம் இருக்கு. படகு முதல் பயணம் போய்த் திரும்புற வரைக்கும் ஞானத்தாய் தீவ விட்டு நகரக் கூடாது. நகர்ந்தா படகுக்கு ஆகாது."

இப்படி ஒரு வழக்கத்தை நான் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை. ஆனால் சுற்றிலும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

"எங்க பாட்டன் காலத்து வழக்கமாச்சே" என்றார் அத்தை. பாதிரியார் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் பயணம் எப்போ?" என்று லாரிசா கேட்டாள்.

"படகுக்குப் பாய் தைக்கணும். இனெஸ்தான் தைக்கணும். அவ கொஞ்சம் நிதானமாத் தைப்பா" என்று கேப்டன் என்னைக் காட்டினார். எனக்கு முகம் சுட்டது.

மறுநாள் காலை லாரிசா வேலியருகே வந்தாள். முதலில் குட்மார்னிங் சொன்னாள். பிறகு, "நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. அந்த மாதிரி வழக்கம் நெஜமாவே இருக்கா?" என்று கேட்டாள்.

பின்னால் ஜன்னலில் மிஸ் மார்த்தாவின் வெள்ளைக் கைக்கட்டு தெரிந்தது. ஆம் என்றால் பொய். இல்லை என்றால் அவருக்கு விமானம்.

"இல்லைங்க" என்றேன். "நேத்துத்தான் உண்டாச்சு. எல்லாரும் சேந்து உண்டாக்கினோம்."

அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள். வடம் இழுத்த உள்ளங்கை இன்னும் சிவந்திருந்தது.

"இப்ப ஊர்ல என் தம்பி கேப்பானே, ஏன் அம்மாவக் கூட்டிட்டு வரலன்னு. என்ன சொல்லட்டும்?"

"பழைய வழக்கம்னு சொல்லுங்க."

அவள் சிரித்த விதம் அப்படியே அம்மாதான்.

திங்கட்கிழமை லாரிசா தனியாகப் புறப்பட்டாள். துறையில் டாக்ஸிக்காரர்கள், மீன்காரிகள், சுங்கத்துக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் குட்மார்னிங் சொல்லி முடிப்பதற்குள் கப்பல் இரண்டு முறை சங்கு ஊதிவிட்டது. "ஏறுடி, அடுத்த தடவ மிச்சத்தச் சொல்லிக்கலாம்" என்று மிஸ் மார்த்தா அவளை இடது கையால் தள்ளிவிட்டார்.

பாய் இன்னும் என் மடியில்தான் இருக்கிறது. குட்மார்னிங் தினமும் விடியலில் இரவல் பாயோடு கடலுக்குப் போய் மீனோடு திரும்புகிறது. அதை முதல் பயணம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. லாரிசா போனில் கூப்பிடும்போதெல்லாம் பாய் முடிந்ததா என்று கேட்கிறாளாம்.

"இனெஸ் ரொம்ப நிதானம்" என்று சொல்லிவிட்டு, மிஸ் மார்த்தா டாமினோ ஆடப் போகிறார்.