கேட்காமல் திறந்த பெட்டி

எழுபதுகளில் ஒரு மாசி மாதம், நாமகிரிப்பேட்டையில் நாங்கள் மஞ்சள் காயப்போட்டிருந்த களத்தில் பாராசூட்டோடு ஒரு பெட்டி வந்து விழுந்தது. ‘திறக்க வேண்டாம், எடுத்துப் போக ஆள் வரும்’ என்று தமிழிலேயே எழுதியிருந்தது. கூடி நின்றவர்கள் முன்னால் பயந்தவனாகத் தெரியக் கூடாதென்று நான் திறந்தேன். உள்ளே கறுப்புத் தாளில் சுற்றிய பிலிம் இருந்தது. அதையும் பிரித்து வெயிலில் தூக்கிப் பிடித்தேன்.

மத்தியானம் ஜீப்பில் ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். பிரிந்து கிடந்த தாளைப் பார்த்ததும் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங்க, அத்தனை முக்கியமுங்களா?” என்றேன்.

“விண்வெளியிலிருந்து வர்ற கதிர்களைப் பதிய, விமானம் பறக்கிற உயரத்துக்கும் மேலே பலூன்ல போன பிலிம். அவ்வளவு உயரத்துல குறுக்கே யாரும் வரமாட்டாங்க. ஆனா ஏறும்போதும் இறங்கும்போதும் விமானப் பாதையைக் கடக்கணும். அதுக்கு அனுமதி வாங்கவே ரெண்டு வருஷமாச்சு. வெயில் பட்டா எல்லாம் போச்சு.”

“தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க.”

அது பொய். எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் திறந்தேன்.

“யார் மேலயும் விழலையே?” என்று மட்டும் கேட்டார். கெட்டுப்போன பிலிமை அதே கறுப்புத் தாளில், வெயில் படாமல் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

வானத்தைக் கடக்க அனுமதி கேட்டு இரண்டு வருஷம் காத்திருந்த மனிதர் அவர். ஒரு பெட்டியைத் திறக்க நான் யாரையும் கேட்கவில்லை.