ஜன்னலில் இருந்த நாலு பிளக்

அந்த வருஷங்களில் நான் பாங்கு குமாஸ்தா என்பது பெயருக்குத்தான். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். சோழவரம் பந்தயத்தில் கார் ஓட்டவேண்டும் என்று பைத்தியம். என் காருக்கு நாலு சிலிண்டர் என்ஜின். ஹெட்டைப் பட்டறையில் கொடுத்து இழைத்தேன், ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தேன், கேம் ஷாஃப்டை மாற்றினேன். வண்டி பறந்தது. மெதுவாகப் போகத்தான் அதற்குத் தெரியாது.

"சும்மா நின்னுண்டிருக்கறச்சே எதுக்குடா இப்படிக் குதிக்கறது?" என்பார் அப்பா. ரிடையரான கணக்கு வாத்தியார். அவருக்கு எதுவும் அலட்டாமல் நடக்கவேண்டும்.

ஸ்பார்க் பிளக் இரண்டு செட் வைத்திருந்தேன், பந்தயத்துக்கு ஒன்று, ஊருக்குள் ஓட்ட ஒன்று. பந்தய பிளக்கோடு ஊர்ந்து போனால் நுனியில் கரி படிந்து என்ஜின் நின்றுவிடும். இதை நண்பர்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

அறுபத்து மூவர் உற்சவத்தன்று காலை அடையாறு பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பந்தய பிளக்கைக் கழற்றாமலே மயிலாப்பூரில் எங்கள் சந்தில் வண்டியை நிறுத்தினேன். மத்தியானம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊர் பிளக் நாலும் பனியன் துணியில் சுற்றி ஜன்னலில் இருந்தன. மாற்றப் பத்து நிமிஷம் ஆகும். அந்தத் துணியைப் பார்த்தேன். பிறகு அப்பாவைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினேன். பின் சீட்டில் அம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சந்து முனையைத் தாண்டினால் ஜனசமுத்திரம். அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து உறுமவைத்தேன். முதலில் ஒரு சிலிண்டர் ஓய்ந்தது, அப்புறம் இன்னொன்று. நீர்மோர்ப் பந்தலுக்கு எதிரே என்ஜின் நின்றது. மறுபடி கிளம்பவே இல்லை.

"இன்னா நைனா, சவுண்டு மட்டும் ஏரோப்ளேன் மாதிரி கீது, வண்டி நவுர மாட்டேங்குது?" என்று ஒருவர் சிரித்தார். பின் சீட்டைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். நாலைந்து பேரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரி வாசல்வரை தள்ளினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், பெரிய ரேஸ்காரன்.

போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை. டாக்டர் தாமதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. பதின்மூன்று நாளும் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன், இலையில் போட்டதைச் சாப்பிட்டேன். மனசு மரத்துப்போயிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னைத் தைரியசாலி என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து என்ஜினைப் பிரித்தேன். இழைக்காத ஒரு ஹெட், ஒற்றைக் கார்புரேட்டர், பழைய கேம் ஷாஃப்ட் என்று எல்லாவற்றையும் வண்டி வாங்கினபோது இருந்தபடியே பூட்டினேன். கடைசியாக ஜன்னலுக்குப் போனேன். பனியன் துணிச் சுருள் அங்கேயே இருந்தது. அதன்மேல் தூசியே இல்லை. ஒவ்வொரு முறை ஜன்னலைத் துடைக்கும்போதும் அம்மா அதை எடுத்து, துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறாள். அது என்னவென்று அவள் என்னிடம் கேட்டதில்லை.

ஒருநாள் அம்மாவைத் தி.நகரில் சித்தி வீட்டுக்கு அழைத்துப்போனேன். பனகல் பார்க் அருகே ஒரு பஸ் பழுதாகிக் குறுக்கே நின்றுவிட்டதால் எங்களால் நகர முடியவில்லை.

"என்ஜின் ஓடிண்டிருக்கா?" என்றாள் அம்மா.

"ஓடறதும்மா."

"சத்தமே இல்லையே."

பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தவர்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வழி கிடைத்து நான் கியர் போட்டபோது சொன்னாள்:

"இதைத்தானேடா அப்பா கேட்டுண்டிருந்தார்."