வாட்டி ஊற்றிய வெந்நீர்

"புல்லுக்குக் குளிருதாம், அதனால மனுஷன் விளையாடக் கூடாதாம்!"

குளிர்காலம் தொடங்கிவிட்டால் வாட்டி கெடஸ் தினமும் காலைக் கஞ்சிக்கு முன்னால் ஓதுகிற மந்திரம் இது. என் தங்கை நெட்டா அதைக் கேட்டபடியே ஓட்ஸைக் கிண்டுவாள். காது மரத்துப்போனதால்தான் அவரோடு இன்னும் குடும்பம் நடத்துகிறாள்.

வாட்டிக்கு மீன்கடை இருந்தது. மீன் வெட்டியது நெட்டா. இவர் கோல்ஃப் மைதானத்தில் கிடந்தார். கடைப் பலகையில் மட்டும் இவர் பெயர். இவர் பெயர் ஏறிய ஒரே பலகை அதுதான். கிளப்பின் பலகையில் புத்தாண்டுக் கோப்பை வென்றவர்கள் வரிசையில் இவருடைய அண்ணன் சாண்டியின் பெயர் மூன்று முறை இருக்கிறது. சாண்டிக்கு முழங்கால் போனபோது, "இந்த வருஷம் எனக்குத்தான்!" என்று குதித்தவர் வாட்டி. கூடப் பிறந்த பாசம்!

எங்கள் ஊரில் உறைபனி விழுந்த புல்லை யாரும் மிதிப்பதில்லை. மிதித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து அடித்தடம் கறுத்துவிடும். குளிரில் புல் வளராது, அதனால் கறுப்பு போகவும் போகாது. பனி இருந்தால் புல்லைப் பராமரிக்கும் ஆர்ச்சி இம்ரி நிஜக் குழிகளை மூடிவிட்டு, ஓரமாகத் தற்காலிகக் குழி வெட்டுவான். அதில் ஆடினால் கோப்பை கிடையாது.

புத்தாண்டுக் காலையில் மைதானமெல்லாம் வெயில் வந்துவிட்டது. கடைசிக் குழி மட்டும் கிளப் கட்டடத்தின் நிழலில் வெள்ளையாக உறைந்து கிடந்தது.

"அந்தப் பனி கரையலைன்னா இன்னிக்குக் கோப்பை ஆட்டம் இல்ல," என்றான் ஆர்ச்சி.

எல்லோரும் சூப் குடிக்கப் போனார்கள். வாட்டி சமையலறைக்குப் போனார். பின்கதவு வழியாகக் கெட்டில் கெட்டிலாக வெந்நீர் சுமந்து, குழியைச் சுற்றி ஊற்றினார். மூளை என்று ஒன்று இருந்தால் அதையும் ஊற்றியிருப்பார். ஆர்ச்சி வந்து பார்த்தபோது பனியைக் காணோம். ஆட்டம் தொடங்கியது.

இங்கே மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கி, குளிர் திரும்பிவிடும். வாட்டி நன்றாகத்தான் ஆடினார், அதைச் சொல்லியாக வேண்டும். கடைசிக் குழியில் பந்தை ஒரே ஒரு சின்னத் தட்டு தட்ட வேண்டும். உள்ளே விழுந்தால் கோப்பை அவருக்கு. தட்டினார். அவர் ஊற்றிய தண்ணீர் அதற்குள் கண்ணாடியாக உறைந்திருந்தது. பந்து குழியின் ஓரத்தைத் தொட்டு, வழுக்கி, சரிவில் இறங்கி மணல் பள்ளத்துக்குள் விழுந்தது. கோப்பை கூட ஆடிய பல் டாக்டருக்குப் போனது.

அடுத்த வாரம் குழியைச் சுற்றிப் புல் வெந்து பழுப்பானது. சமையலறைக் கதவிலிருந்து குழி வரைக்கும், குழியிலிருந்து திரும்பக் கதவு வரைக்கும், கறுத்த பூட்ஸ் தடங்கள். இடது பாதம் வெளியே திரும்பியிருந்தது. ஆர்ச்சி நேரே வீட்டுக்கு வந்தான்.

"வாட்டி, பூட்ஸைக் கழட்டு."

"எதுக்குய்யா?"

"அளந்து பாக்கணும்."

நெட்டா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அளக்கவே வேணாம் ஆர்ச்சி! இந்த ஊர்ல வாத்து நடை நடக்கறது ஒரே ஒரு ஆளுதான்."

"வெந்நீர் பட்டா புல்லு செத்துடும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் வாட்டி.

"முப்பது வருஷமா வாசக்கல்லு இடுக்குல களை சாகறதுக்கு நான் எதைய்யா ஊத்தறேன்? டீயா?" என்றாள் நெட்டா.

அவருக்கு எங்கே தெரியும்? மனைவி செய்யும் வேலையைக் கண்ணால் பார்த்திருந்தால்தானே.

கிளப் அவரைத் துரத்தவில்லை. பனி விழும் ஒவ்வொரு காலையும் அந்தக் குழியருகே உட்கார்ந்து யாரும் மிதிக்காமல் காவல் காக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இப்போது அந்த வாய் என்ன சொல்கிறது தெரியுமா? "ஏய், காலை எடு! புல்லுக்கு உயிர் இல்லையா?" வெட்கமாவது ஒன்றாவது!

புது விதை முளைக்க மே மாதமாகும். அதுவரை பனிக்காலையில் கம்பளித் தொப்பியும் கொடியுமாக அங்கேதான் இருப்பார். தயவுசெய்து ஒரு தடவை போய்ப் பாருங்கள். பாதையிலேயே நில்லுங்கள், புல்லில் கால் வைக்காதீர்கள். அந்தக் கடைசித் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும், மதியம் வரை பேசுவார். நெட்டா அதுவரை வீட்டில் நிம்மதியாக இருப்பாள்.