கவுன்ட்டரில் நிற்கும்போதே காணாமல் போகிறவள்

மருந்துக் கடை வேலையில் ஒரு சங்கடம் உண்டு: பழகப் பழகக் கை தானாகவே சரியான டப்பாவுக்குப் போய்விடும், மனசுக்கு அங்கே வேலையே இருக்காது. வேலையில்லாத மனசு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா? பாலை அடுப்பில் வைத்துவிட்டு, வண்டி ஓட்டிக்கொண்டே, மாமியார் பேசும்போது தலையாட்டிக்கொண்டே நீங்களும் எங்கேயோ போய் வந்தவர்கள்தானே. நான் காஞ்சிபுரத்தில் பதினோரு வருஷமாக மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே போய் வருகிறேன்.

இருமல் மருந்து

ஒருநாள் காலை ஒரு அம்மா வந்து இருமல் மருந்து கேட்டார். முந்தின நாள்தான் எனக்கும் என் தங்கைக்கும் போனில் சண்டை. அப்பாவை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று தொடங்கிய பேச்சு, "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று அவள் போனை வைத்ததில் முடிந்தது. அதற்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை மனசுக்குள் அழகாகச் சொல்லிக்கொண்டே உள்ளே போய், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல் பாக்கெட்டை எடுத்து வந்து அந்த அம்மா முன்னால் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "நான் இங்கயேதான் நின்னுக்கினு இருக்கேன். நீ எங்கம்மா போய்ட்டு வந்த?" என்றார்.

பிள்ளையார்பாளையம் வரை

அது சிரிப்போடு போயிற்று. அடுத்த வாரம் நடந்தது அப்படியில்லை. ஏகாம்பரம் என்று ஒரு நெசவாளர், நாற்பது வயசு இருக்கும், மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரை வாங்க வருவார். அன்றும் வந்தார், வாங்கினார், போய்விட்டார். பத்து நிமிஷம் கழித்துத்தான் கவனித்தேன்: பிரஷர் மாத்திரை டப்பாவும் சர்க்கரை மாத்திரை டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து கிடந்தன. பில்லில் பிரஷர் மாத்திரை என்றுதான் இருந்தது. ஆனால் கையில் எடுத்துக் கொடுத்தது எது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். அவர் முகம்கூட நினைவுக்கு வரவில்லை. தங்கையின் குரல்தான் வந்தது.

சர்க்கரை நோய் இல்லாதவர் அந்த மாத்திரையைப் போட்டால் மயங்கி விழலாம். போன் செய்தேன், எடுக்கவில்லை. தறிச் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது? கூட வேலை செய்யும் செல்வியிடம் கவுன்ட்டரை விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அவர் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்தில் நாலு தெரு சுற்றி, ஆறு வீட்டில் விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அவர் தறியிலிருந்து எழுந்து வந்தார். நன்றாகத்தான் இருந்தார். மருந்துக் கவர் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். பிரஷர் மாத்திரையேதான். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். எதையும் மறைக்கத் தோன்றவில்லை, நடந்ததைச் சொன்னேன். ஏகாம்பரம் கவரை வாங்கி மறுபடியும் அலமாரியில் வைத்தார். பிறகு சொன்னார்: "நெய்யும்போது எனக்கும் அப்படித்தான்மா. கையும் காலும் இங்க ஓடிக்கினு இருக்கும், நான் வேற ஊர்ல இருப்பேன். ஒரு இழை அறுந்தாதான் திரும்பி வருவேன்."

மாடியில் டாக்டர்

இருந்தாலும் பயம் போகவில்லை. மூளையில் ஏதாவது கோளாறோ என்று எங்கள் கடைக்கு மாடியில் இருக்கும் டாக்டரம்மாவிடம் போனேன். தூக்கம், தலைவலி எல்லாம் விசாரித்தார். புதுசாக ஒரு மருந்துச் சீட்டு வந்தால், புரியாத கையெழுத்து வந்தால் இப்படி ஆகிறதா என்று கேட்டார். இல்லை, தினமும் கொடுக்கிற மருந்தில்தான் ஆகிறது என்றேன். "இது வியாதி இல்ல. சுலபமான வேலைன்னா எல்லார் மனசும் கெளம்பிடும். எந்த விஷயம் முடியாம கெடக்குதோ, அங்கதான் சுத்தும்," என்றார்.

எனக்குப் பாதி உயிர் வந்தது. அந்தத் தெம்பில் தங்கை கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். டாக்டரம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "மறுபடியும் சொல்லுங்க. நடுவுல நான் கொஞ்சம் எங்க வீட்டுக்குப் போய்ட்டேன்," என்றார்.

ராக்கைத் துடைக்கும்போது

அன்றே தங்கைக்குப் போன் செய்தேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன். அப்பா ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று முடிவாயிற்று. கடையில் ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் கொடுக்கும்போது பெயரையும், எதற்கான மருந்து என்பதையும் வாய்விட்டுச் சொல்லப் பழகினேன்.

பிறகு ஒரு மத்தியானம் ராக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மனசு மாகறல் கோயிலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தது. கூப்பிடாமலே ஒரு எண்ணம் வந்து நின்றது: தென்னேரியிலிருந்து வரும் லட்சுமி அக்காவுக்கு முட்டிவலிக்கு ஒரு டாக்டரும் இடுப்புவலிக்கு வேறொரு டாக்டரும் எழுதிக் கொடுத்த மாத்திரைகள், பெயர்தான் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். அந்தச் சீட்டுகள் வேறு வேறு நாளில் வந்ததால் யாரும் கவனிக்கவில்லை. வயிறு எரிகிறது என்று அவர் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் முதலாளி அந்த இரண்டு டாக்டர்களிடமும் பேசினார். ஒரு மாத்திரை நின்றது, எரிச்சலும் நின்றது.

எப்படிம்மா கண்டுபிடித்தாய் என்று லட்சுமி அக்கா கேட்டார். மனசு கோயிலுக்குப் போயிருந்தபோது வந்தது என்று உண்மையைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சும்மா இருக்கறப்போ நல்லா போய்ட்டு வாம்மா. எனக்கு மாத்திரை குடுக்கும்போது மட்டும் இங்க இரு."

மனசைக் கட்டிப்போட என்னால் முடியவில்லை, ஆனால் அட்டை கைமாறும் அந்த அரை நிமிஷத்துக்கு மட்டும் அது லீவு கேட்பதில்லை என்பதால், இப்போதெல்லாம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது.