மாட்டு ஈயும் விரல்நுனிச் சுண்ணாம்பும்

பொங்கல் வாரத்தில் லிட்டில் இந்தியாவில் கொட்டகை போட்டு மாடுகளைக் கட்டுவார்கள். அடுக்குமாடியில் வாழும் எங்களுக்கு மாட்டைத் தொட்டுக் கும்பிட வேறு இடம் இல்லை. அந்த முறை ஐந்து மாடுகள், இரண்டு கன்றுகள். என் மனைவி கருநீலச் சேலையில் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு பசுவின் முதுகைத் தொட்டாள். பகல் பதினொன்றரை, நல்ல வெயில். மூன்றாம் முறை தொட்டபோது “ஸ்” என்று காலைத் தூக்கினாள்.

வலது பாதத்தின் மேல், சுண்டுவிரலை ஒட்டி, பெரிய ஈ ஒன்று உட்கார்ந்திருந்தது. தட்டிய பிறகுதான் பறந்தது. அது இருந்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம்.

“கொசுவா?” என்றாள்.

“கொசு இல்ல. மாட்டு ஈ. குதிரை ஈன்னும் சொல்வாங்க. கொசு ஊசி போடும், கடிச்சதே தெரியாது. இது தோலை அறுத்து ரத்தத்தை நக்கும். அதான் உடனே வலிக்குது.”

முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் நடத்தியவன் நான். இந்த ஈ வெயில் நேரத்தில் வரும், கருநிறத்தைத் தேடி வரும், வெளிர்நிற உடையில் காலை மூடி, பூச்சிக்கு மருந்து தடவிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொன்னேன்.

“சேலை கட்டுறப்ப பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க. அப்பவே சொல்லியிருக்கலாம் லா.”

சோப்புப் போட்டுக் கழுவி, பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, சொறியாமல் இருந்தால் பெரும்பாலும் போதும். நமைச்சல் அதிகமானால் மருந்துக் கடையில் மாத்திரை கேட்கலாம். எனக்கு இது தெரியும். தெரிந்தும், எதிரே இருந்த வெற்றிலைக் கடைக்குப் போய் விரல்நுனியில் சுண்ணாம்பு வாங்கிவந்து கடிவாயில் அப்பினேன். எங்கள் ஆட்களுக்கு எது கடித்தாலும் சுண்ணாம்புதான்.

“எரியுதுங்க.”

“எரியட்டும். விஷம் இறங்குது.”

அவளுக்குப் பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவு. பாதத்தில் பாதி உணர்ச்சி கிடையாது. அந்தப் பாதத்திலேயே எரிந்தது.

மறுநாள் காலை தோல் வெந்து உரிந்திருந்தது. சுற்றிலும் சிவப்பு. சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, அடிக்கோலால் அளந்தேன். நான்கு சென்டிமீட்டர். டைரியில் எழுதினேன். அதற்கடுத்த நாள் ஆறு.

“பாலிகிளினிக் போயிட்டு வந்துருவோமா?” என்றாள்.

“போனா என்ன போட்டீங்கன்னு கேப்பாங்க. சுண்ணாம்புன்னு சொல்லுவியா?”

“சொல்றேன். எனக்கு என்ன வெக்கம்?”

“எனக்கு இருக்கு.”

மூன்றாம் நாள் ஒன்பது. தொட்டால் சுட்டது, ஓரத்தில் சீழ் கசிந்தது. நான்காம் நாள் காய்ச்சல், முப்பத்தெட்டு புள்ளி ஆறு. அன்று மகள் கிளமெண்டியிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தாள். அம்மாவின் காலைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பையைத் தரையிலேயே வைத்துவிட்டு டாக்சிக்குச் சொன்னாள்.

“டைரிய எடுத்துக்கிட்டு வாங்கப்பா. டாக்டர் பாக்கட்டும்.”

கொஞ்சம் பெருமையாகத்தான் எடுத்துப்போனேன். மருத்துவர் நம் தமிழ்ப் பிள்ளை, முப்பது வயது இருக்கலாம். பக்கங்களைப் புரட்டினார்.

“ரொம்ப நீட்டா எழுதியிருக்கீங்க அங்கிள். நாலு, ஆறு, ஒன்பது. ஒன்பது ஆனப்ப என்ன செஞ்சீங்க?”

“எழுதி வச்சேன்.”

அவர் டைரியை மூடி என்னிடம் கொடுத்தார். பிறகு என் மகளிடம் மட்டுமே பேசினார். சிவப்பு பரவினாலோ, சூடாகிச் சீழ் பிடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். சர்க்கரை இருப்பவர்கள் அதுவரைகூடப் பொறுக்கக் கூடாது. கடித்ததும் முகம் வீங்கினால், மூச்சு முட்டினால், ஆம்புலன்ஸ்தான். நான் நாற்காலியில் இருந்தபடி கேட்டுக்கொண்டேன்.

சுண்டுவிரலையும் அதற்கடுத்த விரலையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. மயக்கம் தெளிந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு இது:

“மிச்சம் எட்டு இருக்கு. எண்ணிக்கங்க.”

பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன், கட்டு மாற்றுவதைச் சொல்லிக்கொடுக்கச் செவிலியர் வந்தார். வீட்டில் யார் செய்வது என்று கேட்டார். நான் நாற்காலியை முன்னால் இழுத்தேன்.

“மக செய்வா,” என்றாள் என் மனைவி. “இவரு வேணாம்.”

இப்போது மகள் வேலை முடிந்து கிளமெண்டியிலிருந்து சிராங்கூனில் உள்ள எங்கள் வீட்டுக்குத் தினமும் வருகிறாள். கட்டு மாற்றும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். காயம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், “ஆறுது” என்கிறார்கள். அதற்கு மேல் சொல்வதில்லை.