பாறைமேல் வைத்த பீடி

பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் எஸ்டேட்டில் ஒலித்த குரல் என்னுடையது. பஞ்சாயத்திலிருந்து மலையாளத்தில் வரும் நோட்டீசைத் தமிழாக்கி, ஜீப்பில் மைக் கட்டி, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள்தோறும் போய் வாசிப்பேன். ஃபாக்டரி ஆபீசில் கிளார்க் வேலை; புத்தகம் படிக்கிறவன் என்ற கெட்ட பெயரும் உண்டு. அதனால் பிடித்துவிட்டார்கள். "ஒருவர் வாய் வைத்த பொருளில் மற்றவர் வாய் வைக்கக் கூடாது" என்பது என் சொந்தத் தமிழ். மலையாளத்தில் இத்தனை அழுத்தம் இல்லை. அந்த வரி வந்ததும் குரலைத் தாழ்த்தி, சற்று நிறுத்தி, மறுபடியும் வாசிப்பேன். சின்னக்கானல் மலையில் மோதி அது திரும்பி வரும்போது எனக்கே பயபக்தியாக இருக்கும்.

பிறகு என் குரலை ஒரு மெமரி கார்டில் பதிந்துகொண்டு, என்னை ஆபீஸ் வேலைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். குரல் மட்டும் ஜீப்பில் போய்வந்தது.

ஜீப்பை ஓட்டியவன் என் நண்பன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் இருவரும் தேயிலைக்கு மேலே ஒரு பாறைப் பக்கம் உட்கார்ந்து கஞ்சா புகைப்போம். பல வருஷப் பழக்கம். பீடியில் இருக்கும் புகையிலையைத் தட்டிவிட்டுக் கஞ்சாவை நிரப்புவது அவன் வேலை. உலகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது என் வேலை. இருவருக்கும் ஒரே பீடிதான். ஆளுக்கொன்று பற்றவைப்பது எங்கள் வட்டாரத்தில் மரியாதைக் குறைவு. கல்யாண வீட்டுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது மாதிரி.

நோய் வந்ததும் நிறுத்தியிருக்கலாம். நாங்கள் அதை விதிமுறைக்குள் கொண்டுவந்தோம். ஆறடி விட்டு உட்கார்ந்தோம், நடுவில் பாறை. அவன் இரண்டு இழுப்பு இழுத்து, பீடியைப் பாறைமேல் வைத்துவிட்டுப் பின்வாங்கி மாஸ்கை ஏற்றிக்கொள்வான். நான் கையில் சானிடைசர் தேய்த்து, காயும்வரை காத்திருந்து, முன்னால் போய் எடுப்பேன். ஒருமுறை காத்திருக்கவில்லை, விரல் மயிர் கருகியது. எல்லையில் கைதிகளை மாற்றிக்கொள்ளும் இரண்டு நாடுகள் மாதிரி இருந்தோம். கை சுத்தம், தூரம் சரி, மாஸ்கும் உண்டு. நானே எழுதிய வரி மட்டும் நினைவுக்கு வரவில்லை. அது டம்ளரைப் பற்றியது என்று நினைத்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பீடியில் வாசமே இல்லை.

"ஏலே, என்னத்த நெரப்பியிருக்க? ஃபாக்டரித் தூசு மாதிரி இருக்கு."

"நல்ல சாமான் அண்ணாச்சி. ஒங்களுக்குத்தான் வயசாயிட்டு."

நான் விடவில்லை. கலப்படம் ஒரு சமூகத்தை எப்படி அரிக்கும் என்று அரைமணி நேரம் பேசினேன். மறுநாள் காலை ஃபாக்டரிக்குள் நுழைந்தேன். இலை வறுக்கும் வாசம் ரோட்டு வளைவிலேயே மூக்கில் ஏறும் இடம். ஒன்றும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. மத்தியானம் காய்ச்சல். அடுத்த நாள் பரிசோதனையில் பாசிட்டிவ்.

மனைவி தேனியில் மகள் வீட்டில் இருந்தாள், மாநில எல்லை மூடியிருந்தது. அதனால் வீட்டில் ஒட்டிவிட வேறு ஆள் இல்லை. ஆனால் ஆஷா பணியாளர் போன் செய்து, யார் யாருடன் இருந்தீர்கள் என்று பட்டியல் கேட்பார். அவர் வீடு வீடாக ஏறி இறங்கி எல்லோர் உடம்பையும் விசாரிக்கிற பெண். அவர் கேட்டால் மறைக்காதீர்கள் என்று மலையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததும் என் குரல்தான்.

அவருக்கு முன்னால், செய்தி கேள்விப்பட்ட நண்பன் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, எம்பேரச் சொல்லிராதீக. கஞ்சான்னு தெரிஞ்சா போலீசு வரும், லைசென்சு போயிரும்."

"ஒம் பொண்டாட்டிக்கு எட்டு மாசம்லே."

"எனக்குத்தான் ஒண்ணுமில்லையே? நல்லாத்தான இருக்கேன்."

"நானும் ஞாயித்துக்கெழம நல்லாத்தான் இருந்தேன்."

"சொன்னீகன்னா இனி எம்மூஞ்சில முழிக்காதீக" என்று வைத்துவிட்டான்.

அவன் குடியிருந்த லயத்தில் ஒரு அறை, ஒரு அடுக்களை. விலகிப் படுக்க இடமில்லை. பட்டியலில் பேர் இருந்தால்தான் தனிமை முகாமாக்கியிருந்த ஸ்கூலில் ஒரு கட்டில் கிடைக்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும். இருந்தும் அடுத்த போன் வருவதற்குள் கிடைத்த ஒரு மணி நேரத்தில் நான் அதிகம் யோசித்தது அவன் மனைவியையோ வயிற்றுப் பிள்ளையையோ அல்ல. நாளை அந்த மைக்கைக் கேட்டு லயமே சிரிக்குமே என்றுதான். இதைச் சொல்லப் பெருமையாக இல்லை.

ஆஷா பணியாளரின் போன் வந்தது.

"சொல்லுங்கண்ணே. யார்கூட இருந்தீங்க?"

சொன்னேன். பேர், பாறை, கஞ்சா, எல்லாம்.

"அண்ணே, இந்த ஃபாரத்துல கஞ்சாவுக்குக் கட்டம் இல்ல. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், மாஸ்க் இருந்துச்சா. அம்புட்டுத்தான்."

"ஒரு மணி நேரம். ஆறடி. மாஸ்க் இருந்துச்சு."

"பீடி எத்தன?"

"ஒண்ணு."

"நீங்க மைக்குல ரெண்டு தடவ சொல்லுவீங்களே, ஒரு வரி..." என்று இழுத்தார். அதை முடிக்காமல், "தூரத்த நான் ஒரு பீடி நீளம்னு எழுதிக்கிறேன்" என்றார்.

அன்று மத்தியானமே அவனை ஸ்கூலுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அவனுக்கும் காய்ச்சல். அவன் மனைவிக்கு இரண்டு முறை பார்த்தார்கள், நோய் இல்லை. மாற்று டிரைவர் ஓட்டிய ஜீப் ஸ்கூல் வழியாகத்தான் போகும். தினமும் இரண்டு வேளை, வாய் வைப்பதைப் பற்றிய என் உபதேசத்தை, ஜன்னலோரம் படுத்துக்கொண்டு அவன் கேட்கவேண்டியிருந்தது. போலீஸ் வராததை அவன் என்னை மன்னிப்பதற்கான காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஆஷா பணியாளர்தான் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து என் வாசலில் ஜீப் நின்றது. இறங்கியவன் பிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் சாயா ஊற்றினான். ஒன்றை பானட்மேல் வைத்துவிட்டு, தன் டம்ளரோடு ஆறடி பின்னால் போய் நின்றான். நான் போய் எடுத்தேன்.

"வாசம் தெரியுதா?" என்றான்.

"கொஞ்சம். ஏலக்கா போட்டிருக்க."

"போடல" என்றான். பிறகு குழந்தையின் படத்தைக் காட்டப் போனை பானட்மேல் வைத்துவிட்டு, மறுபடியும் பின்னால் போனான்.

என் நுரையீரல் சரியாகும்வரை எதையும் புகைக்கக் கூடாது என்றார் டாக்டர். சரியாகிவிட்டதா என்று நான் இன்னும் போய்க் கேட்கவில்லை. அவனும் கேட்கச் சொல்லவில்லை.