டாக்டர் ஹெரட்டியின் நாலாவது வழி

டாக்டர் ஃபின்டன் ஹெரட்டியை நான் முதலில் பார்த்தது, அவரிடம் எழுத்தர் வேலை கேட்டுப் போன அன்றைக்கு. அயர்லாந்தில் மேயோ மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் எங்கள் ஊருக்கு அவர் ஒருவர்தான் டாக்டர். நான் ஆடு வளர்க்கிற வீட்டுப் பையன். கால்வே நகரத்துக்குப் போய் மனோதத்துவம் படித்துப் பட்டம் வாங்கி வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் பட்டம். அப்பா அதைச் சட்டம் போட்டு, சமையலறையில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார்.

“மனோதத்துவமா? அப்ப நான் எந்த ரகம்னு சொல்லிடுவியே,” என்றார் டாக்டர்.

“ரெண்டு வாரம் குடுங்க டாக்டர்.”

“பிடிவாதக் கழுதை ரகம். முப்பது வருஷமாப் பாக்குறேன். இதைச் சொல்ல ஒரு பட்டம் வேணுமாக்கும்!” என்றார் வரவேற்பு மேசையில் இருந்த அட்ராக்டா.

நான் அவரை அளந்த கோட்பாடு வகுப்பில் படித்ததல்ல. எங்கள் பேராசிரியர்கள் அதை மதிப்பதில்லை. விடுதியில் நாங்கள்தான் அதைக் கட்டிக்கொண்டு அழுதோம். மனசு வேலை செய்ய எட்டு வழிகள். ஒவ்வொரு ஆளிடமும் அவற்றில் நாலு வரிசையாக நிற்கும். முதலாவது அவர் பலம், நாலாவது பலவீனம். ஆள் களைத்துப் போனால் அந்த நாலாவது கட்டவிழ்த்துக்கொண்டு வெளியே வரும்.

டாக்டர் தினமும் காலைப் பூசை பார்த்துவிட்டுத்தான் கிளினிக் திறப்பார். மதியம் அதே பழுப்பு ரொட்டி, அதே ஆரஞ்சு ஜாம். எந்த வீட்டில் யாருடைய தாத்தாவுக்கு எந்த நுரையீரல் கெட்டது என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். ஆகவே முதல் வழி, பழையதை அப்படியே உள்ளே சேர்த்து வைக்கும் ஞாபகம். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டேதான் கெட்ட செய்தி சொல்வார். அது இரண்டாவது, பிறர் மனசை உணர்வது. மூன்றாவது இங்கே முக்கியமில்லை. நாலாவது, நடக்காததையெல்லாம் நினைத்துக் கலங்குவது. கண்டுபிடித்ததைச் சொன்னேன்.

“பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கூட இவ்வளவு சீக்கிரம் என்னைப் பிடிச்சதில்ல,” என்று டாக்டர் சிரித்தார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவர் கலங்க ஆரம்பித்தார். மருந்து அறையைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்புவார். இருதய நோயாளி நால்லி அம்மாவுக்குப் போன் பண்ணினேனா என்று ஒரே காலையில் மூன்று தடவை கேட்பார்.

“என் பொண்ணு பேரு என்னன்னு கேட்டாருப்பா,” என்றார் அட்ராக்டா. “அவ பொறந்தப்ப கையில வாங்குனதே அவருதான்.”

“களைப்பு, அட்ராக்டா. அவரோட நாலாவது வழி வெளிய வருது. நீங்க பயப்படாதீங்க.”

“உன் நாலாவதைக் கொண்டுபோய்க் கடல்ல போடு.”

வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நாளில் நானும் காரில் போவேன். கோயிலைத் தாண்டும்போது நெற்றியில் சிலுவை போடுவது எங்கள் ஊரில் கை தானாகச் செய்கிற வேலை. அன்றைக்கு அவர் கோயிலைத் தாண்டியபோது கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. மாட்டுச்சந்தை வாசல் வந்ததும் பக்தியோடு சிலுவை போட்டார். கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரங்கட்டினார்.

“கோல்மன், நான் எங்க சிலுவை போட்டேன்?”

“சந்தை வாசல்ல.”

“மாடுங்களுக்கும் ஆசீர்வாதம் வேணும்தான்,” என்றார். சிரிக்கவில்லை. “நீ படிச்சவன். நேராச் சொல்லு. என் தலைக்குள்ள ஏதாவது ஆயிட்டுதா?”

நான் படித்தவன். நேராகவே சொன்னேன்: முதல் வழி ஓய்ந்து நாலாவது மேலே வந்திருக்கிறது, ஒரு மாதம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எத்தனை பேருக்கு மறதி நோயைக் கண்டுபிடித்துச் சொன்ன மனுஷன். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்தார். நான் சொல்லிவிட்டேன்.

ஏழு மாதம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை மருந்துக்கடைக்காரர் போன் பண்ணினார். நால்லி அம்மாவின் இருதய மாத்திரையை டாக்டர் பத்து மடங்கு எழுதியிருந்தார். கடைக்காரர் கவனித்ததால் அந்த அம்மா பிழைத்தார். டாக்டர் அந்த மருந்துச் சீட்டைக் கடையிலிருந்து வரவழைத்து வெகுநேரம் பார்த்தார். பேனாவை மூடி அட்ராக்டாவின் மேசையில் வைத்தார்.

“இனிமே நான் எழுதல.”

கால்வே ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரோட்டினேன். ஞாபகத்தைச் சோதிக்க அங்கே அவரை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் ஒழுங்காக வந்தது. எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் போய்க் குவிந்தன. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும், “ஏழு மாசம், டாக்டர். என்னாலதான்,” என்றேன்.

“ஏழு மாசம் முன்னாடி வந்திருந்தாலும் வைத்தியம் ஒண்ணும் கிடையாது,” என்றார். “அந்தச் சீட்டை மட்டும் எழுதியிருக்க மாட்டேன்,” என்றார்.

நான் காரைக் கிளப்பினேன்.

இப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது மைல் தள்ளி, கன்னியாஸ்திரிகள் நடத்திய பழைய முதியோர் இல்லம் ஒன்றில் தரைத்தளத்து அறையில் இருக்கிறார். ஞாயிறுதோறும் போகிறேன். என் பெயர் அவருக்குத் தெரியாது. ஜெபமாலையை ஒரு வார்த்தை பிசகாமல் சொல்கிறார். அதன் ஐந்து தேவரகசியங்களையும் ஆளுக்கொன்றாக முறைவைத்துச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். இரண்டாவது தேவரகசியம் வந்ததும் நிறுத்தி, நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறார். கிளினிக்குக்கு வேறு டாக்டர் வரவில்லை. அது பூட்டிக் கிடக்கிறது.